வீட்டுக் கணினிக்கும் ஒரு கதவு வேண்டும்



வீட்டில் இருக்கும் கணினிக்குக் கடவுச்சொல் வைக்க வேண்டுமா, வேண்டாமா? மதரஸா ஆசிரியர் ஒருவர் எடுத்து எழுதும் அளவுக்கு இது பெரிய விஷயமா என்று சிலர் எண்ணலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். நமது கவனக்குறைவால் ஒரு குடும்பம் தலைகுனிய நேர்ந்த பிறகே, இது அமானிதத்தைப் பற்றிய கேள்வி என்பது நமக்கு விளங்கியது. இரவில் கதவை அடையுங்கள், பாத்திரத்தை மூடுங்கள், விளக்கை அணையுங்கள், எலி திரியை இழுத்து வீட்டை எரித்துவிடக் கூடும் என்பது வரை கற்றுத் தந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். அத்தகைய மார்க்கத்தில் வீட்டுக் காவல் சிறிய விஷயம் ஆகாது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்து, பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் பூட்டப்பட்டபோது, பிள்ளைகளுக்கு இணையம் வழியாகப் பாடம் நடத்துவதற்கென்று ஒரு பழைய மேசைக் கணினியை வாங்கினோம். முன்கூடத்தில் ஜன்னல் ஓரமாக அதை வைத்தோம். பொத்தானை அழுத்தினால் போதும், திரை திறந்துவிடும். கடவுச்சொல் எதுவும் கிடையாது. யாராவது கேட்டால், "நம் வீட்டில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று சற்றுப் பெருமையாகவே பதில் சொல்வோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ரமளானில், ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பங்களின் பட்டியலைத் தட்டச்சு செய்து தரும்படி ஜமாஅத்தார் நம்மிடம் கேட்டுக்கொண்டார்கள். பெயர், தெரு, காரணம், தொகை என்று நான்கு பத்திகள். தெருவில் கை நீட்டும் மக்களின் பெயர்கள் அதில் குறைவு. வெள்ளைச் சட்டை கலையாமல் ஜும்ஆவுக்கு வந்து முன் வரிசையில் நிற்பவர்கள், கடையை மூடிவிட்டதை வீட்டுக்கே சொல்லாதவர்கள், இத்தாவில் இருக்கும் பெண்கள் ஆகியோரின் பெயர்களே அதிகம். தன்மானத்தால் கேட்காமல் இருப்பவர்களை, அறியாதவன் செல்வந்தர் என்றே எண்ணிக்கொள்வான் என்று அல்பகரா அத்தியாயத்தின் 273-ஆவது வசனம் யாரைப் பற்றிச் சொல்கிறதோ, அந்த மக்களின் பட்டியல் அது. வேலை முடியும்வரை எளிதாக எடுக்கலாம் என்று அதைத் திரையின் முகப்பிலேயே வைத்திருந்தோம்.

ஒரு நாள் இஃப்தாருக்கு உறவினர் குடும்பத்தோடு வந்தார்கள். பெரியவர்கள் மஃரிப் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், அவர்களுடைய மகன் விளையாட்டு ஏதேனும் இருக்குமா என்று கணினியைத் திறந்திருக்கிறான். பதின்மூன்று வயதுப் பையன். முகப்பில் இருந்த கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறான். தன்னோடு படிக்கும் ஒரு பையனின் அத்தா பெயர் அதில் இருப்பதைக் கண்டான். அவன் திருடவில்லை, எதையும் அழிக்கவில்லை. மறுநாள் வகுப்பில் சொன்னான், அவ்வளவே.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, அஸருக்குப் பிறகு, அந்தப் பையனின் தாயார் நம் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே நம் மனைவியிடம் ஒரு உறையைக் கொடுத்தார். "ஹஜ்ரத்துகிட்ட குடுத்துடுங்க. எங்க பேரையும் எடுத்துடச் சொல்லுங்க. பசிய பொறுத்துக்கலாம்மா, புள்ள மொகத்த பாக்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உறை பிரிக்கப்படாமலே இருந்தது. அவருடைய மகன் அதற்குப் பிறகு பல வாரங்கள் மதரஸாவுக்கு வரவில்லை.

அன்றிரவு நம் மனைவி ஒரு வார்த்தை சொன்னார். அவர் தையல் தைப்பவர். "பொம்பளைங்க அளவு எழுதுற நோட்ட நான் பீரோவுல வெச்சுப் பூட்டுறேன். உங்க லிஸ்ட்டு ஹால்ல தொறந்து கெடந்துச்சே" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

அமானிதமும் அதன் பாதுகாப்பிடமும்

நம்மை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு ஃபிக்ஹ் பாடத்தில் 'வதீஆ' என்னும் பகுதியை நடத்துகிறவர்கள் நாம். ஒருவர் நம்மிடம் பாதுகாக்கக் கொடுத்த பொருள், நம் தவறு ஏதுமின்றி அழிந்தால் நாம் ஈடு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதைப் பாதுகாப்பதில் அலட்சியம் காட்டியிருந்தால் பொறுப்பு நம்மைச் சேரும். அலட்சியம் என்றால் என்ன என்பதற்குச் சட்ட அறிஞர்கள் சொல்லும் அடையாளங்களுள் ஒன்று, பொருளை அதற்குரிய 'ஹிர்ஸ்' அல்லாத இடத்தில் வைப்பது. ஹிர்ஸ் என்றால் பாதுகாப்பிடம். (பேராசை என்று பொருள்படும் ஹிர்ஸ் வேறு, இது 'ஸாய்' எழுத்தில் முடிவது.) எது எதற்கு ஹிர்ஸ் என்பதை மக்களின் வழக்கமே தீர்மானிக்கும். ஆட்டுக்குப் பட்டி, தானியத்துக்குக் களஞ்சியம், பொன்னுக்குப் பூட்டிய பெட்டி. பொன்னை ஆட்டுப்பட்டியில் வைத்துவிட்டு, "நான் பாதுகாப்பாகத்தான் வைத்தேன்" என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவந்த நாம், ஒரு மஹல்லாவின் மானத்தைப் பூட்டில்லாத பெட்டியில், அதுவும் முன்கூடத்தில் வைத்திருந்தோம். கணினியில் இருக்கும் செய்திக்கு இன்றைய வழக்கத்தில் ஹிர்ஸ் எது என்று கேட்டால், குறைந்தபட்சம் அது கடவுச்சொல்லே. நாம் இங்கே ஃபத்வா வழங்கவில்லை, அது நமது தகுதியும் அல்ல. நாம் கற்பிக்கும் பாடத்தை நம் வீட்டு மேசைக்குப் பொருத்திப் பார்க்கிறோம், அவ்வளவே.

"மறைக்க ஒன்றுமில்லை" என்ற நமது பழைய பெருமையில் இருந்த பிழை இங்கேதான். மறைக்க வேண்டியது நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டுக் கணினியை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். தங்கையின் நிக்காஹ் புகைப்படங்கள், சகோதரரின் மருத்துவ அறிக்கை, வேலைக்காக யாரோ அனுப்பிய ஆதார் நகல், கடன் வாங்கியவரின் கணக்கு, திறந்தபடியே இருக்கும் வாட்ஸ்அப் வெப். இவற்றில் எத்தனை உங்களுக்கு மட்டுமே சொந்தம்?

வீட்டுக்குள்ளேயும் அனுமதி உண்டு

நம்மிடம் ஒரு நண்பர் வாதிட்டார். "கடவுச்சொல் அலுவலகத்துக்குச் சரி. வீட்டில் வைத்தால் மனைவி மக்களைச் சந்தேகிப்பது போலாகாதா?" என்றார். நல்ல கேள்வி. அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழையும்படி அந்நூர் அத்தியாயத்தின் 27-ஆவது வசனம் கட்டளையிடுவது பிறர் வீடுகளைப் பற்றித்தான். ஆனால் அதே அத்தியாயத்தின் 58-ஆவது வசனம் நம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. ஃபஜ்ருக்கு முன், ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகலில், இஷாவுக்குப் பின் என மூன்று வேளைகளில் வீட்டுச் சிறுவர்களும் அனுமதி பெற்றே நம்மிடம் வர வேண்டும் என்று அது கூறுகிறது. அவர்கள் பருவம் அடைந்துவிட்டால் எல்லா வேளைகளிலும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது அடுத்த வசனம். பெற்ற தாயிடம் செல்வதற்கும் அனுமதி கேட்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குச் சொன்ன செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. தாயின் மீது மகனுக்குச் சந்தேகம் என்பதா இதன் பொருள்? கதவு இருப்பது பகைமைக்காக அல்ல, மரியாதைக்காக.

நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று அவர்கள் கண்டித்ததை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் இடம்பெறும் செய்தி இது. அவர் எதையும் எடுக்கவில்லை, பார்த்தார். நம் வீட்டில் அந்தப் பையன் செய்ததும் அதுவே. ஒரு வித்தியாசம் உண்டு. அவன் துவாரம் தேடவில்லை. நாம் கதவே வைக்கவில்லை. எனவே அவனைக் கண்டிக்கும் உரிமை நமக்கு இருப்பதாக நாம் கருதவில்லை.

அல்லாஹ்வின் மீது பொறுப்பை விட்டுவிட்டால் போதாதா என்பவர்களுக்கு, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன திர்மிதீ அறிவிப்பே பதில்.

பூட்டின் எல்லை

கட்டுவதென்றால் எதைக் கொண்டு கட்டுகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடவுச்சொல் வைத்துவிட்டதாலேயே எல்லாம் பத்திரம் என்று எண்ணுவதும் தவறு.

விண்டோஸ் நுழைவில் வைக்கும் கடவுச்சொல், வந்து உட்காருபவரின் கண்ணையும் கையையும் தடுக்கும். விருந்தினர், அண்டை வீட்டுப் பிள்ளைகள், வேலைக்கு வருபவர்கள் ஆகியோரிடமிருந்து பாதுகாக்க அது போதும். குரோம் போன்ற உலாவிகளில் சேமித்து வைத்த கடவுச்சொற்களைப் பார்க்க முயன்றால், அந்த உலாவி விண்டோஸின் கடவுச்சொல்லைக் கேட்கும். விண்டோஸுக்கே அது இல்லையென்றால் அந்தக் காவலும் இல்லை. வங்கிக் கணக்கு முதல் மின்னஞ்சல் வரை எல்லாம் திறந்த வீடுதான்.

ஆனால் கணினியையே தூக்கிச் செல்பவரை அது தடுக்காது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால், கோப்புகளைக் கடவுச்சொல் இல்லாமலே படித்துவிடலாம். அதைத் தடுக்க, டிஸ்க்கில் உள்ளதையே மறைகுறியாக மாற்றிவைக்கும் வசதி தேவை. விண்டோஸ் புரோ பதிப்பில் அதன் பெயர் பிட்லாக்கர். ஹோம் பதிப்பிலும் சில கணினிகளில் இதுபோன்ற வசதி உண்டு. அதை இயக்கும்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்று கிடைக்கும். அதைத் தாளில் அச்சிட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால், சில வேளைகளில் உங்கள் கோப்புகளும் தொலைந்தவையே. பழுதுபார்க்கக் கணினியைக் கடைக்கு அனுப்பும்போதும் இதை நினைவில் கொள்ள வேண்டும். பிறருடைய விவரங்கள் அடங்கிய கோப்புகளை முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, கணினியிலிருந்து நீக்கிவிட்டு அனுப்புவது நல்லது. நீக்கிய கோப்பையும் சில மென்பொருள்களால் மீட்க முடியும் என்பதால், முக்கியமானவற்றை முதலிலிருந்தே தனிப் பென் டிரைவில் வைத்துப் பூட்டுவது இன்னும் நல்லது. ஜகாத் பட்டியலை இப்போது நாம் அப்படித்தான் வைக்கிறோம்.

எந்தச் சொல்லை வைப்பது? ஒன்று மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம், 786 வேண்டாம். வண்டி எண்ணிலும் செல்பேசி எண்ணிலும் அதைத் தேடி வாங்கும் நம் மக்கள், பூட்டுக்கும் அதையே வைக்கிறார்கள். நம் வீட்டுப் பூட்டைத் திறக்க நினைக்கும் எவரும் முதலில் அழுத்திப் பார்ப்பதும் அதையே. பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு ஆகியவையும் அப்படித்தான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிப்பதும் கடினம். மறந்துவிடுவோம் என்ற அச்சம் இருந்தால் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி வையுங்கள். திரையின் ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள். இன்னொரு பழக்கமும் வேண்டும். பாங்கு ஒலித்து எழும்போது, விண்டோஸ் விசையையும் 'எல்' விசையையும் சேர்த்து அழுத்தினால் கணினி பூட்டிக்கொள்ளும். திறந்த திரையை விட்டுவிட்டுப் போவதும் கடவுச்சொல் இல்லாததும் ஒன்றே.

மகள் கேட்ட கேள்வி

கணினிக்கு நாம் கடவுச்சொல் வைத்த மறு வாரம், கல்லூரியில் படிக்கும் மகள், "அத்தா, எனக்கும் ஒரு தனிக் கணக்கு வெச்சுத் தாங்க" என்று கேட்டார். நாம் உடனே சரி என்று சொல்லவில்லை. "உனக்கு எதற்கு?" என்று கேட்டோம். கேட்ட பிறகுதான் நமக்கே உறைத்தது. நமது பூட்டு அமானிதம், பிள்ளையின் பூட்டு மட்டும் சந்தேகமா?

நம் சமூகத்தின் பெற்றோருக்கு இந்த அச்சம் நிறைய உண்டு. கடவுச்சொல் கொடுத்தால் பிள்ளைகள் தீயதைப் பார்க்க வழிசெய்தவர்கள் ஆவோமோ என்று தயங்குகிறோம். அச்சம் நியாயமானதே. ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார்கள் என்ற நபிமொழி நம்மைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆவது வசனம் தடுக்கிறது. மக்களின் குறைகளைத் தேடித் திரிந்தால் அவர்களைக் கெடுத்தவர் ஆவீர் என்று முஆவியா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது அபூதாவூதில் உள்ளது. இரண்டையும் ஒருசேரப் பேண வேண்டும்.

அந்நூர் அத்தியாயம் காட்டும் படிநிலையே இதற்கும் பொருந்தும் என்று நாம் கருதுகிறோம். பருவம் அடையாத பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வைத்தாலும் அதன் கடவுச்சொல் பெற்றோரிடம் இருக்கட்டும், அதைப் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும். நிர்வாகி உரிமையை நாம் வைத்துக்கொண்டு, அவர்களுக்குச் சாதாரணப் பயனர் கணக்கு கொடுத்தால், தெரியாத மென்பொருள்களை நிறுவுவதும் பெரிதும் தடுக்கப்படும். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனிச் சொல் இருக்கட்டும், ஆனால் கணினி எல்லோரும் நடமாடும் முன்கூடத்திலேயே இருக்கட்டும். கண்காணிப்பு இருக்கிறது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். தூங்கிய பிறகு திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்காதீர்கள். நாம் மகளுக்குத் தனிக் கணக்கு வைத்துக் கொடுத்தோம். அவர் அமைத்த கடவுச்சொல்லை நாம் கேட்கவில்லை. அது எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டோம்.

கணவன் மனைவிக்கு இடையே கடவுச்சொல் மதிலாகிவிடுவது வேறு விஷயம். மனைவிக்கு அவருடைய தோழியரின் செய்திகள், தையல் கணக்கு என்று ஒரு தனி இடம் இருப்பதில் குறையில்லை. ஆனால் குடும்பத்தின் வரவு செலவையும் கடனையும் ஒருவர் மட்டுமே அறியும்படி பூட்டி வைப்பது பாதுகாப்பு அல்ல. பூட்டு யாருக்கு எதிராக என்பதை ஒவ்வொருவரும் தம் மனசாட்சியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாவியும் அமானிதமே

இதன் மறுபக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். நமக்குத் தெரிந்த ஒரு வணிகர் தம் கணினிக்குக் கடவுச்சொல் வைத்திருந்தார். எவரிடமும் சொல்லவில்லை. திடீரென்று வஃபாத் ஆனார். கொடுக்கல் வாங்கல் கணக்கெல்லாம் அதற்குள்ளே இருந்தது. வாரிசுகள் சொத்தைப் பிரிக்கும் முன் கடனை அடைக்க வேண்டும் என்பது குர்ஆனின் சட்டம். கடன் எவ்வளவு என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. தர வேண்டியவர்கள் வந்து கேட்டார்கள், வர வேண்டியவை வராமலே போயின.

வஸிய்யத் செய்வதற்கு ஏதேனும் உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இன்றைய நாளில் அந்தத் தாளில் கடவுச்சொல்லுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். ஒரு உறையில் எழுதி, ஒட்டி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ பீரோவிலோ வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு மக்கா வெற்றி கொள்ளப்பட்டபோது, கஅபாவின் சாவி நபி (ஸல்) அவர்களின் கைக்கு வந்தது. அதை அவர்கள் முன்பு காத்துவந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திரும்பக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கக் கட்டளையிடும் அந்நிஸா அத்தியாயத்தின் 58-ஆவது வசனத்தை விளக்கும்போது தஃப்ஸீர் ஆசிரியர்கள் இந்த நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார்கள். அந்தக் குடும்பத்தாரிடமே அச்சாவி இன்றும் இருந்துவருகிறது. அல்லாஹ்வின் இல்லத்துக்கே பூட்டும் சாவியும் உண்டு, அந்தச் சாவிக்கு உரியவர்களும் உண்டு. நம் வீட்டுக் கணினிக்கு இவ்விரண்டும் வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

அந்தப் பையன் ஷவ்வால் மாதம் முடிந்து மதரஸாவுக்குத் திரும்பி வந்தான், அல்ஹம்துலில்லாஹ். முன்பு முதல் வரிசையில் உட்காருவான், இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறான். அவனுடைய தாயாரிடம் நம் மனைவி மூலம் மன்னிப்புக் கேட்டோம். மன்னித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். ஆனால் அதற்குப் பிறகு வந்த எந்த ரமளானிலும் அவர் தம் பெயரைப் பட்டியலில் சேர்க்க இசையவில்லை. தேவை தீர்ந்ததால் அல்ல என்பது நமக்குத் தெரியும். இரண்டு நிமிடத்தில் வைத்திருக்கக்கூடிய ஒரு கடவுச்சொல்லை நாம் வைக்கவில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுக் கணினியின் முன் ஒரு முறை அமர்ந்து, அதில் யாருடைய பொருளெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அதற்கு ஒரு கதவு வையுங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணிக் காப்பவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. நமது அலட்சியத்தால் யாருடைய மானமேனும் குலைந்திருந்தால் அவன் நம்மை மன்னித்து, அவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.